பன்னிரண்டு கிராம்

ஓடிக்கொண்டிருந்த வண்டி. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிரேக் பிடித்தது, கியர் விழுந்தது, சாவியைத் திருகினால் கிளம்பியது. அப்படிப்பட்ட வண்டியை, பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோக இன்னும் பத்தே நாள் இருக்கும்போது, ஜாக்கியில் ஏற்றி நாலு சக்கரத்தையும் கழற்றி வைத்தான் மெர்வின் தேர்ட்டில். பிரேக் குழாயை, சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரோடு பிணைக்கிற போல்ட் நாலும் இரும்பாம். அதுவே அலுமினியத்தில் தபாலில் வருகிறதாம்.

"மாத்தினா ஒண்ணுக்குப் பன்னெண்டு கிராம் மிச்சம், நெவில். நாலுக்கு நாப்பத்தெட்டு."

"யோவ், காலைல கக்கூஸ் போயிட்டு வந்தா அதவிட அதிகமாக் குறையுமேய்யா."

"அது வேற. அது சாயந்தரத்துக்குள்ள திரும்ப ஏறிடும்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆகவே ஆகாது.

எதிர்வீட்டுக்காரன் என்ற பாவத்துக்கு நான் அந்த ஷெட்டில் டார்ச் பிடித்த நேரத்தைச் சேர்த்து வைத்திருந்தால் இன்னொரு உத்தியோகமே பார்த்திருக்கலாம். பீட்ரூட் சர்க்கரை ஆலையில் முப்பத்தோரு வருஷம் கொதிகலன் பக்கத்தில் நின்று ஓய்வு பெற்றவன் நான். நவம்பர் மாதத்தில் எங்கள் நார்ஃபோக் மாவட்டம் எப்படி நாறும் என்று என் மூக்குக்குத் தெரியும். ஆலையிலிருந்து வேகவைத்த கிழங்கு வாடை பதினைந்து மைலுக்கு வந்து துணியில், ரொட்டியில், தலையணையில் உட்காரும். ரோடு முழுக்க டிராக்டர் சிந்திய சேறு. மூன்றரை மணிக்கே வெளிச்சம் சாகும். இந்த மாதத்தில்தான் காசு கட்டி யாரும் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கிற தட நாளில் இடம் கிடைத்தது, அதுவும் மெர்வின் பெண்டாட்டி ஹேசல் ஆகஸ்டிலேயே போன் போட்டுக் கேட்டு வைத்ததால்.

வண்டி ஹேசலுடையது. இதை ஊரில் பாதிப் பேர் மறந்துவிட்டார்கள், மெர்வின் உள்பட. முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள் அவள். ஆறு ஊர்ப் பள்ளிகளுக்குச் சூடு ஆறாமல் மதியச் சாப்பாட்டை வேனில் கொண்டுபோய்ச் சேர்த்தவள். அவள் வளைவில் வேனைத் திருப்பினால் பின்னால் இருக்கிற குழம்பு ஒரு சொட்டு சிந்தாது. வேகமும் குறையாது. அம்மா வீட்டை விற்ற பங்கில் நாற்பத்தைந்து வயதில் இந்த மஞ்சள் வண்டியை வாங்கினாள். அலுமினியச் சட்டத்தின் மேல் ஒட்டிய ஃபைபர் ஓடு, இரண்டு இருக்கை, கூரைக்குப் பதில் ஒரு துணி. எழுநூறு கிலோதான் மொத்தம். உட்கார்ந்தால் பக்கத்தில் போகிற லாரியின் சக்கர நட்டு கண்ணுக்கு நேராக வரும். வருஷத்துக்கு இரண்டு தடவை பழைய விமானதளத்தில் இருக்கிற தடத்துக்குக் கொண்டுபோய் ஓட்டுவாள். ஒரு கோப்பைக்கும் ஆசைப்பட்டதில்லை. திரும்பி வரும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். வேறு எந்த நாளிலும் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

இந்தத் தடவைதான் கடைசி. அவளுடைய இடது இடுப்பு மூட்டு தேய்ந்து போயிற்று. செவ்வாய்க்கிழமை நாரிச் ஆஸ்பத்திரியில் புது மூட்டு வைக்கிறார்கள். அதற்குப் பிறகு முழங்காலை இடுப்புக்கு மேலே மடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியின் படத்தைப் போனில் காட்டினாளாம். அந்த ஆள் சிரித்துவிட்டு, "மேடம், இதை மறந்துடுங்க" என்றாராம்.

சனிக்கிழமை தடம். செவ்வாய்க்கிழமை கத்தி. இடையில் வேறு நாள் கிடையாது.

மெர்வினுக்கும் இது தெரியும். தெரிந்துதான் சக்கரத்தைக் கழற்றினான். "உனக்காகத்தான், ஹேசல். கடைசித் தடவை நல்லா லேசா இருக்கணும்ல" என்றான்.

இந்த லேசு என்கிற வியாதி அவனுக்கு எப்போது பிடித்தது என்று என்னால் சொல்ல முடியும். கோழித்தீவனக் கிடங்கு வேலையிலிருந்து அவன் நின்ற வருஷம். முதலில் கம்பளத்தைப் பிய்த்தான். அப்புறம் ஹீட்டர், ரேடியோ, கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறி. பெடலில் ஓட்டை ஓட்டையாகத் துளைத்தான். கழற்றின ஒவ்வொன்றையும் ஹேசலின் சமையலறைத் தராசில் வைத்து எடை பார்ப்பான். எடையை ஷெட் கதவின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதுவான். கம்பளம் 2.1. ஹீட்டர் 5.6. அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே மொத்தம். புதிதாக ஒன்று சேர்ந்தால் பழைய மொத்தத்தை அழித்துவிட்டு, உதடு அசைய அசைய மேலேயிருந்து கூட்டிக்கொண்டு வருவான். அந்தத் தராசில்தான் ஹேசல் மாவு நிறுப்பாள். போன கிறிஸ்துமஸுக்கு அவள் கொடுத்த கேக்கில் கிரீஸ் வாடை அடித்தது. நான் தின்றேன். அவள் முகத்துக்காகத் தின்றேன்.

போன வசந்தத்தில் பக்கத்து இருக்கையையும் கழற்றிவிட்டான்.

"நீ கூட உக்காந்து வருவியே, மெர்வின்," என்றாள் ஹேசல், நான் இருக்கும்போதே.

"நான் எண்பத்தொம்போது கிலோ. சீட்டு எட்டு. சேத்தா தொண்ணூத்தேழு. ஒரு சுத்துக்கு ஒண்ணரை செகண்ட் போகுது, தெரியுமா?"

"நான் செகண்ட் கேட்டனா?"

"உனக்குத் தெரியாது. ஓட்டிப் பாரு, அப்ப தெரியும்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பட்டியலில் இருக்கை 8.3 என்று ஏறியது.

தடத்துக்கு முந்தின திங்கட்கிழமை மத்தியானம் அந்த அலுமினிய போல்ட்டை இறுக்கினான். இரண்டு சக்கரம் ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவது முன்பக்க இடது சக்கரம். ஸ்பானரை அரைக்கால் சுற்று கூடுதலாகத் தள்ளினான். "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். தலை கையோடு வந்துவிட்டது. உடம்பு காலிப்பருக்குள் உட்கார்ந்துகொண்டது.

"வந்துடும்," என்றான்.

அது வராது என்று பத்து வயதுப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். செவ்வாய்க்கிழமை முழுக்க அதைத் துளைத்தான். உடைந்த போல்ட்டை எடுக்கிற இடமரைக் கருவியை உள்ளே விட்டுத் திருகினான். அந்தக் கருவி உள்ளேயே உடைந்தது. அது எஃகு, எந்தத் துரப்பணத்துக்கும் மசியாது. இப்போது போல்ட்டுக்குள் ஒரு கருவி, காலிப்பருக்குள் ஒரு போல்ட். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குளிரில் நிற்கிறேன், கை விரைக்கிறது, அவன் அதன் மேல் சுத்தியலால் தட்டிக்கொண்டே பேசுகிறான்.

"பழைய இரும்பு போல்ட் நாலும் எங்க?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"மத்ததுக்காவது அதையே திரும்பப் போடலாமில்ல."

"நெவில், பின்னால போறதுன்னு ஒண்ணு கெடையாது நம்மகிட்ட."

ஹேசல் அப்போது தேநீர் கொண்டு வந்தாள். ஒரு கையில் தடி, ஒரு கையில் தட்டு. தட்டில் மூன்று கோப்பையும், பன்றிக்கறி அடைத்துச் சுட்ட பை என்கிற பலகாரமும். கால் இழுத்து இழுத்து வருகிறாள், இவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பெஞ்சில் வை என்று கையைக் காட்டினான். அன்றைக்குத்தான் ஆபரேஷனுக்கு முந்தின சோதனைக்காக ஆஸ்பத்திரி போய்விட்டு வந்திருந்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

"ரத்தம் எடுத்தாங்க. படம் எடுத்தாங்க. உயரம், எடை எல்லாம் பாத்தாங்க."

"எடை எவ்வளவு?" மெர்வின் இப்போது திரும்பினான்.

"அறுபத்துநாலு புள்ளி ரெண்டு."

"போன வருஷம் அறுபத்திரண்டுதான இருந்த? சனிக்கிழமைக்குள்ள ஒரு ரெண்டு கிலோ எறக்கினின்னா..."

அவன் பாதியில் நிறுத்தினான். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்து நிறுத்தினானா, இல்லை கையிலிருந்த சுத்தியல் நழுவியதாலா என்று தெரியாது. ஹேசல் தன் பங்குப் பலகாரத்தை எடுத்து, அவனைப் பார்த்துக்கொண்டே, நிதானமாக முழுசையும் தின்றாள். எனக்கு அந்த மனிதன் மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அன்றைக்குப் போயிற்று.

புதன்கிழமை பழைய காலிப்பர் ஒன்றுக்குப் போன் போட்டான். வியாழக்கிழமை பொட்டலம் வந்தது. வலதுபக்கத்துக் காலிப்பர். திருப்பிப் போட்டால் காற்றுப் போக்கும் துளை கீழே வரும், காற்று வெளியே வராது. அதையும் திருப்பிப் போட்டுப் பார்த்தான், இரண்டு மணி நேரம். கடைசியில் வெள்ளிக்கிழமை காலை நான் என் வேனை எடுத்துக்கொண்டு தெட்ஃபோர்ட் வரை போய், ஒரு கழிவு வண்டிக் கொட்டகையில் மழையில் நின்று, இடதுபக்கக் காலிப்பர் ஒன்றை இரும்பு போல்ட்டோடு வாங்கி வந்தேன். அவன் அதை வாங்கினதும் செய்த முதல் காரியம் தராசில் வைத்தது.

மத்தியானம் பிரேக்கில் ஏர் எடுக்க வேண்டும், குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்க வேண்டும். நான் அமுக்குகிறேன் என்றேன். ஹேசல் விடவில்லை. "நாளைக்கு என்னால ஏற முடியுதான்னு நானும் பாக்கணும்ல" என்றாள்.

அவள் அந்த வண்டிக்குள் ஏறியதை நான் மறக்கமாட்டேன். கதவுக்கும் இருக்கைக்கும் நடுவில் முழ அகலத்துக்குச் சட்டம். அதன் மேல் முதலில் உட்கார்ந்தாள். வலது காலை உள்ளே விட்டாள். இடது காலை இரண்டு கையாலும் தொடைக்கடியில் பிடித்துத் தூக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, உள்ளே கொண்டுபோய் வைத்தாள். பிறகு இருக்கைக்குப் பின்னால் நிற்கிற இரும்பு வளையத்தைப் பிடித்தபடி மெல்லச் சறுக்கி இறங்கினாள். வியர்த்துவிட்டது. ஆனால் ஸ்டீயரிங்கில் கை பட்டதும் முதுகு தானாக நிமிர்ந்தது.

ஏர் எடுக்க மூன்று வார்த்தைதான். கீழே படுத்திருக்கிறவன் "அமுக்கு" என்பான். மேலே இருக்கிறவள் மிதித்துக்கொண்டு "அமுக்கியாச்சு" என்பாள். இவன் காற்றுப் போக்கும் துளையின் நிப்பிளைத் திறப்பான், ஆயிலோடு காற்று ஒரு சின்னக் குழாய் வழியாகக் கீழே வைத்த டப்பாவுக்குள் குமிழ் குமிழாக வரும், மூடுவான். மூடின பிறகு "விடு" என்பான். அவள் காலை எடுப்பாள். மூடுவதற்கு முன்னால் எடுத்துவிட்டால் வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும், எல்லாம் பாழ். நாற்பது தடவை இதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்று சக்கரம் முடிந்தது. நாலாவதில் குமிழ் குறைந்து கொண்டே வந்தது.

"அமுக்கு."

"அமுக்கியாச்சு. மெர்வின், நாளைக்கு மொதல்ல நான் போறேன். காலைல தடம் காலியா இருக்கறப்ப. இடுப்பு காலைலதான் கொஞ்சம் சொன்னபடி கேக்குது."

"ம்."

"ம்முன்னா? நீ மொதல்ல செட் பண்றேன், காத்து பாக்கறேன்னு மத்தியானம் வரைக்கும் இழுக்காத. போன வருஷம் அப்படித்தான் பண்ண. டாக்டர் சொன்னத நீ காதுல வாங்கினியா இல்லியா?"

"அட விடு, ஹேசல்."

விட்டாள்.

நிப்பிள் திறந்திருந்தது. டப்பாவில் இருந்த ஆயில் குழாய் வழியாகக் குடகுடவென்று மேலே ஏறிப்போனதை நான் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். பின்னால் வெறும் காற்று.

மெர்வின் வண்டிக்கு அடியிலிருந்து எழ முயன்று தலையை இடித்துக்கொண்டான். "என்னாத்துக்குக் கால எடுத்த?"

"நீதான விடுன்ன!"

"அந்த விடு இல்ல! இது வேற விடு!"

"எது எந்த விடுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது? முப்பத்தாறு வருஷமா எதுக்கெடுத்தாலும் ஒரே விடுதான சொல்ற!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பு மட்டும் இல்லை என்று தெரிந்தது. நான் டார்ச்சை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். மெர்வின் கீழே படுத்தபடி, "சரி, இனிமே மேலன்னு சொல்றேன். மேலன்னாத்தான் எடுக்கணும்" என்றான். அவன் கண்ட தீர்வு அது. முதல் சக்கரத்திலிருந்து திரும்ப ஆரம்பித்தோம்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு என் வேனில் டிரெய்லரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். முன்னால் மூவரும் தோளோடு தோள். ஹேசல் மடியில் ஹெல்மெட்டை வைத்திருந்தாள். லைசென்ஸைக் காட்டி, கையில் சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டாள். ஓட்டுகிற இன்னொரு ஆளாக மெர்வினும் ஒன்று கட்டிக்கொண்டான்.

தடத்துக்குள் விடுவதற்கு முன்னால் சத்தம் பார்ப்பார்கள். சுற்றிலும் இருக்கிற ஊர்க்காரர்கள் சண்டை போட்டு வாங்கின விதி அது. தொண்ணூற்றெட்டு டெசிபலுக்கு மேல் போனால் வெளியே. எர்னி புல்லிமோர் என்ற கிழவர் தொப்பியும் கருவியுமாக நின்றிருந்தார். புகைக்குழாய்க்குப் பக்கத்தில் கருவியைப் பிடித்துக்கொண்டு "ஏத்து" என்றார். மெர்வின் மிதித்தான். காதைப் பொத்திக்கொண்டேன்.

"நூத்திமூணு," என்றார் எர்னி. "எடுத்துட்டுப் போ."

"போன வருஷம் பாஸ் ஆச்சே!"

"போன வருஷம் சைலன்சர் இருந்திருக்கும்."

நான் குனிந்து பார்த்தேன். சைலன்சர் இருந்தது. தட்டினேன், காலி டப்பா மாதிரி ஒலித்தது.

"உள்ள இருந்ததெல்லாம் எங்க?" என்றாள் ஹேசல்.

"ரெண்டு புள்ளி நாலு கிலோ இருந்துச்சு," என்றான் மெர்வின்.

எர்னி ஹேசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மூணு தடவைதான் பாப்பேன். ஒண்ணு போச்சு" என்றார்.

அடுத்த ஒரு மணி நேரம் மெர்வினின் கூத்து. கான்டீன்காரியிடம் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் ஒரு கட்டு கெஞ்சி வாங்கினான். பன்றிக்கறிக் கொழுப்பு பிசுபிசுக்கிற பழைய நார். அதைக் குழாய்க்குள் அடைத்துக் கம்பியால் குத்தி இறக்கினான். எர்னி கருவியைப் பிடித்தார். எஞ்சின் உறுமின உடனே அத்தனை நாரும் கருகிப் பாய்ந்து அவருடைய பூட்ஸ் மேல் விழுந்தது. கொழுப்பு எரிகிற வாடை. நூற்றியொன்று.

"இன்னும் ஒண்ணு," என்றார் எர்னி, பூட்ஸைப் புல்லில் தேய்த்துக்கொண்டு.

மற்ற வண்டிகள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தன. தடம் காலியாக இருக்கும் என்று அவள் ஆசைப்பட்ட காலை நேரம் போயே போயிற்று.

"வண்டியோட வந்த பழைய சைலன்சர் இருக்கு," என்றாள் ஹேசல். "பதினோரு கிலோ. கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கேன். நெவில், எனக்காகப் போயிட்டு வர்றியா?"

போனேன். போக வர நாற்பது மைல். நடுவில் கிழங்கு ஏற்றின டிராக்டர்கள், பதினைந்து மைல் வேகத்தில், முன்கண்ணாடி முழுக்கச் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு. கோழிக்கூட்டில் அந்தச் சைலன்சர் ஆறு வருஷத்துக் கோழிப் பீயில் பாதி புதைந்து கிடந்தது. மண்வெட்டியால் பெயர்த்தேன். குழாய் வாயிலிருந்து காதுப்பூச்சிகள் கொட்டின. ஒரு சாக்கில் சுற்றி வேனில் போட்டேன். கோழிகள் எல்லாம் கதவு வழியாக வெளியே போய்விட்டன, போகட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்.

திரும்பும்போது மணி ஒன்று. வண்டியில் இருந்த சைலன்சரின் நட்டுகள் அவனே கையால் போட்ட அலுமினிய நட்டுகள். சூட்டில் மரை எல்லாம் வழுவிப்போயிருந்தன. பக்கத்துக் கொட்டகைக்காரரிடம் ரம்பம் கடன் வாங்கி அறுத்தோம். ஹேசல் கேன்வாஸ் நாற்காலியில் உட்கார முடியாமல் டிரெய்லர் மேல் சாய்ந்து நின்றாள். பேக்கன் ரொட்டி வாங்கித் தந்தேன், பாதியை வைத்துவிட்டாள். மூன்று மணிக்கு மாட்டி முடித்தோம்.

"தொண்ணூத்தேழு," என்றார் எர்னி. "என்னய்யா நாத்தம் இது?"

சூடு ஏறியதும் கோழிப் பீ எரிய ஆரம்பித்தது. புகை மஞ்சளாக வந்தது. அங்கே நின்றிருந்த பளபள வண்டிக்காரர்கள் எல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். ஹேசல் அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். ஹெல்மெட்டைப் போட்டு வாரை இழுத்துக் கட்டினாள். தடியை என் கையில் கொடுத்தாள். மணி மூன்று பத்து. நாலு மணி வரைக்கும் தடம் உண்டு.

"ஒரு நிமிஷம்," என்றான் மெர்வின். அவனும் ஹெல்மெட் போட்டிருந்தான். "பிரேக் புதுசு. நேத்து அவ்வளவு கூத்து ஆச்சு. நான் ஒரே ஒரு சுத்து போயி பிரேக் பிடிக்குதான்னு பாத்துட்டு வந்துடறேன்."

"நானே பாத்துக்கறேன்."

"உனக்கு இடுப்பு இப்படி இருக்கறப்ப பெடல் உள்ள போயிடுச்சின்னா? ஒரே சுத்து, ஹேசல். ரெண்டு நிமிஷம். உனக்காகத்தான்."

சொல்லும்போதே காலை உள்ளே போட்டுவிட்டான். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவனைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்திருக்க வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் அவனோடு எனக்கும் பங்கு உண்டு. ரெண்டு நிமிஷம்தானே என்று நானும் நினைத்தேன்.

முதல் சுற்று முடிந்து வந்தான். உள்ளே திரும்பாமல் நேராகப் போனான்.

"இன்னொண்ணு பாக்கறான் போல," என்றேன்.

இரண்டாவது. மூன்றாவது. நான் தடத்தோரச் சுவரில் ஏறிக் கையை ஆட்டினேன். மஞ்சளாக ஒரு கோடு, பின்னால் நாற்றம், போய்விட்டான். ஹேசல் ஹெல்மெட்டோடு, இடது காலைத் தரையில் ஊன்றாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடியைத் தூக்கி விட்டிருந்தாள். வண்டி கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் போகும்போது தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ரெண்டாவது வளைவுல சீக்கிரமே பிரேக் போடறான்," என்றாள். "அங்க பிரேக்கே வேண்டாம். கால எடுத்தாப் போதும்."

நாலாவது. ஐந்தாவது. வயல் பக்கமிருந்து பனி இறங்க ஆரம்பித்தது. ஏழாவது சுற்றில் எவனோ ஒருத்தன் கடைசி வளைவில் சுழன்று புல்லில் ஏறிச் சக்கரத்தை உடைத்துக்கொண்டான். சிவப்புக் கொடி காட்டினார்கள். எல்லா வண்டியும் உள்ளே வந்தது. அந்த வண்டியை இழுத்து முடித்தபோது எதிர்ப்பக்கச் சுவர் பனியில் தெரியவில்லை. பனி அடர்ந்துவிட்டது, இன்றைக்கு இவ்வளவுதான் என்று மைக்கில் ஒரு பெண் நன்றி சொன்னாள், எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேரச் சொன்னாள்.

மெர்வின் வண்டியிலிருந்து தாவி இறங்கினான். முகம் சிவந்து, தலைமயிர் ஈரமாக, பள்ளிக்கூடம் விட்ட பையன் மாதிரி.

"ஹேசல், என்னா லேசு தெரியுமா! அந்த பாழாப்போன சைலன்சரோடவே இப்படின்னா..."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"முடிச்சிட்டாங்க," என்றாள்.

"என்னது? நாலு மணி வரைக்குமில்ல..." அவன் சுற்றிப் பார்த்தான். கூம்புகளைப் பொறுக்கிக் கொண்டிருந்தார்கள். "அய்யய்யோ. நான் மணி பாக்கலியே. டேஷ்போர்டுல கடிகாரம்... அது எடுத்துட்டேன்ல. சரி, அடுத்த ஏப்ரல்ல..."

"ஏப்ரல்ல நான் இதுக்குள்ள எப்படி ஏறுவேன், மெர்வின்?"

"டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நாளைக்கு வேணா ரோட்டுல ஒரு ரவுண்டு..."

"விடு," என்றாள் ஹேசல்.

சத்தமாகச் சொல்லவில்லை. மெர்வின் தப்பித்தோம் என்று மூச்சுவிட்டான். அவனுக்கு எந்த விடு என்று புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச் மணி அடிக்கும்போது எதிர்வீட்டில் ரம்பச் சத்தம் கேட்டது. பழைய சைலன்சரை அறுத்து எடுத்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை ஹேசலை நான்தான் நாரிச்சுக்குக் கூட்டிப்போனேன். மெர்வினுக்குப் பொட்டலம் வர வேண்டியிருந்தது. கிளம்புகிறதுக்கு முன்னால் அவள் தடியை ஊன்றி ஷெட்டுக்குள் போய்விட்டு வந்தாள். கோழித்தீவனம் எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். பெட்டி ஒன்று இருக்கும் என்று பார்த்தால் மூன்று இருந்தது. மாவுத் தராசைக் கழுவித் துடைத்து ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"முடிஞ்சதும் ஷீலா வந்து லோஸ்டாஃப்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவா," என்றாள். ஷீலா அவள் தங்கை. "அங்கதான் இருக்கப்போறேன்."

"எத்தன நாளைக்கு?"

"நாள் கணக்கு இல்ல, நெவில்."

"மெர்வின்கிட்ட சொல்லிட்டியா?"

"ரெண்டு தடவ சொன்னேன். ஆறு வாரம்தான, அதுக்குள்ள முடிச்சிடறேன்னான்."

என்ன முடிக்கப் போகிறான் என்று நான் கேட்கவில்லை. வழியெல்லாம் டிராக்டர். அவள் ஒவ்வொரு வளைவிலும் வலது காலை லேசாக அசைத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை மெர்வின் என் கதவைத் தட்டினான். டார்ச் பிடிக்க ஆள் வேண்டுமாம். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனாலும் ஹேசல் போனில் பேசினாளா என்று கேட்கலாம் என்று போனேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். வேறு ஒன்றும் அவனுக்குத் தெரியவில்லை. தராசைக் காணோம் என்று குறைப்பட்டுக்கொண்டான். பாத்திரம் தொட்டியில் குவிந்து கிடந்தது, கோழிகள் சமையலறைக்குள் நின்றன.

வடக்குக் காற்று ஊசியாகக் குத்தியது. "கதவச் சாத்து, நெவில்" என்றான். எப்போதும் சுவரோடு சாய்த்துத் திறந்து வைத்திருக்கிற கதவு அது. இழுத்துச் சாத்தினேன். பட்டியல் வெளிச்சத்துக்கு வந்தது. கம்பளம், ஹீட்டர், ரேடியோ, இருக்கை, கடிகாரம், போல்ட் நாலு. அதற்கும் கீழே, பள்ளிக்கூடச் சமையலறைப் பலகையில் முப்பது வருஷம் மதியச் சாப்பாடு என்னவென்று எழுதிய அதே உருண்டைக் கையெழுத்தில், இன்னொரு வரி.

ஹேசல் 64.2.

"மெர்வின்," என்றேன். "இதப் பாரு."

வண்டிக்கடியிலிருந்து எழுந்து வந்தான். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு படித்தான். ரொம்ப நேரம் அதையே பார்த்தான். அழப்போகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் கை காது மேலே போயிற்று, பென்சிலை எடுத்தது. உதடுகள் அசைந்தன.

அவன் கூட்டுகிறான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. டார்ச்சை அணைத்து பெஞ்சில் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்துவிட்டேன்.